இடமரை

அளவு நோட்டில்
பரிமளா டீச்சர் ஜாக்கெட்டுக்குக் கீழே எழுதியிருக்கிறேன்:
கை ஆறு, கைச்சுற்று பதினொன்று,
நாற்பத்தெட்டுக்குப் பதினைந்து,
முப்பத்திரண்டுக்குப் பதினாறு.
கடைசி இரண்டு வரியும் பற்கள்.
நல்லவேளை, அந்த அளவில் துணியை வெட்டவில்லை.

தவமணி மிதித்தால் நிமிடத்துக்கு ஐம்பது.
எண்ணியிருக்கிறேன்,
வில்லாபுரத்திலிருந்து அவனியாபுரம் வரை
கேரியரில் உட்கார்ந்து, போனில் நேரம் வைத்து.
அரிசி மண்டியில் மூட்டை இறக்குகிற கால்,
ஒவ்வொரு மிதியையும் இறக்கி வைத்துவிட்டுத்தான்
அடுத்ததைத் தூக்கும்.
என் கால் எண்பது.
பதினாறு வருஷம் தையல் மிஷின் ஓட்டியது.
மெதுவாகப் போ என்றால் நூலை அறுக்கும்.

ரெண்டு பேர் சைக்கிள் என்றால்
ஒரே செயினில் இருவரையும் பூட்டிவிடுகிறார்கள்.
ஒருத்தர் நிறுத்தினால் மற்றவரும் நிறுத்த வேண்டும்.
கல்யாணத்தில்கூட அவ்வளவு கண்டிப்பு இல்லை.

அதனால் நடுவில் ஒரு தண்டு.
அவன் செயின் ஒன்று வரும், என் செயின் ஒன்று வரும்,
ஆளுக்கொரு ஃப்ரீவீல்.
அவனுடைய ஐம்பதும் என்னுடைய எண்பதும்
அங்கே வந்தால் ஒரே நூற்றறுபது.
அங்கிருந்து மூன்றாவது செயின்,
பின்சக்கரத்தின் ஆறு அடுக்குக்கு.
கணக்கு சரியாக வந்தபோது ராத்திரி ஒன்றரை.
எழுப்பிச் சொன்னேன்.
"சரி" என்று திரும்பிப் படுத்தான்.

முனிச்சாலையில் காஜா மைதீன் பட்டறையில்
ஒரு அட்லஸும் ஒரு ஹீரோவும்
கழுத்தும் இடுப்பும் அறுபட்டு ஒன்றாயின.
"எதுக்குக்கா இவ்வளவு பாடு,
தவணையில ஒரு ஸ்கூட்டி எடுத்துறலாமே."
எடுக்கலாம்.
பல் எண்ணிக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை.

முதல் ஓட்டம், பழங்காநத்தம் பாலம்.
ஏற ஏற லேசாகிக்கொண்டே வந்தது.
ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.
பாதிப் பாலத்தில்
இரண்டு பேரும் காற்றை மிதித்துக்கொண்டிருந்தோம்.
தண்டிலிருந்து சக்கரத்துக்குத் தருகிற பல்லு
தன் மரையைத் தானே கழற்றிக்கொண்டு
நுனியில் ஆடிக்கொண்டிருந்தது.
பின்னால் மினிபஸ், ஹாரனிலிருந்து கையே எடுக்கவில்லை.
தவமணி திட்டியிருக்கலாம்.

மூன்று நாள் இறுக்கினேன்.
பசை போட்டேன். ஆணி வைத்துத் தட்டினேன்.
அது பாட்டுக்குக் கழன்றது.
நாலாம் நாள் ஒரு சட்டைக்குப் பித்தான் தைக்கும்போது
கை நின்றது.
ஆம்பளைக்கு வலப்பக்கம், பொம்பளைக்கு இடப்பக்கம்.
எத்தனை ஆயிரம் பித்தான் தைத்திருப்பேன்!

தண்டு எங்களிடம் வாங்கும்போது முறுக்கு ஒரு பக்கம்,
சக்கரத்துக்குக் கொடுக்கும்போது மறுபக்கம்.
வாங்குகிற பல் மிதிக்க மிதிக்க இறுகும்.
கொடுக்கிற பல் மிதிக்க மிதிக்க அவிழும்,
வலமரையில் இருக்கும்வரை.

கப்பலூர் லேத்தில் இடமரை வெட்ட முந்நூறு கேட்டார்கள்.
ஒரு ஜாக்கெட்டுக் கூலி. கொடுத்தேன்.

பிறகு சிறுமலை.
பதினெட்டுக் கொண்டை ஊசியும் ஏறிக் காட்டுவதாக
நான்தான் வாய் விட்டிருந்தேன்.
மூன்றாவது வளைவில் என் எண்பது அறுபதானது,
நாலாவதில் முப்பது.
வாழைத்தார் ஏற்றி இறங்கிய ஜீப்
ஒதுங்கி நின்று எங்களை முழுசாகப் பார்த்துவிட்டுப் போனது.
ஐந்தில் இறங்கினோம்.
பல்லு அசையவில்லை. மலைதான் கூடுதல்.

ஆளுக்கொரு ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளினோம்.
கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்:
"பின்னாடி பெரிய பல்லு எத்தனை?"
"இருபத்தெட்டு. முப்பத்தி நாலு போட்டா ஏறும்."
யோசித்தான்.
ஒரு குரங்கு சுவரிலிருந்து இறங்கி
எங்களைத் தாண்டிப் போனது.
"செயின் பத்தாதே.
இன்னும் நாலு கண்ணி வேணும்ல?"

நான் அதை எண்ணியிருக்கவில்லை.